எட்டு இடம் காலி

ஞானஸ்நானச் சீட்டில் அம்மாவின் பெயர்
எக்ஸில் தொடங்கும்,
ஆதாரில் எஸ்ஸில்.
இரண்டும் ஒரே சவேரியம்மாதான் என்று
எலத்தகிரிப் பங்குச்சாமி
லெட்டர்பேடில் எழுதி முத்திரை குத்தினார்.
மை காய்வதற்குள் அப்பா மடித்துவிட்டதால்
தலைகீழாக இன்னொரு முத்திரையும்
விழுந்திருந்தது.

அந்தக் கடிதத்தோடு போனேன்
பெங்களூருக்கு, நேர்காணலுக்கு.
பி.காம். அறுபது இடம்,
நாலாயிரம் பேர் கேட்டார்களாம்.
"ஏன் எங்கள் பல்கலைக்கழகம்?"
வெள்ளை அங்கிக்குள் ஸ்வெட்டர் போட்ட பாதர் கேட்டார்.
விழுமியம் என்றேன், சேவை என்றேன்,
முழுமையான மனித வளர்ச்சி என்றேன்.
பர்கூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதெல்லாம்
தஸ்லீமாவும் நானும் மனப்பாடம் செய்தது.
அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
பொய் சொன்னேன் என்பதால் அல்ல,
அது அத்தனை சுலபமாகச் செல்லுபடியானதால்.

கிடைத்துவிட்டது.
ஞாயிறு பூசையில்
கல்யாண ஓலை வாசித்தலுக்கும்
மாதா தேர் வரி பாக்கிக்கும் நடுவே
என் பெயரைச் சொன்னார்கள்.
தஸ்லீமா காத்திருப்புப் பட்டியலில்
நூற்றுப் பதினொன்று.
ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்,
அப்புறம் ஒன்றும் இல்லை.

பணம் கட்ட ஐந்து நாள்.
நாலாம் நாள், வீட்டில் சொல்லாமல்,
கிருஷ்ணகிரியில் ஐந்தரை மணி பஸ் பிடித்தேன்.
சூளகிரி வரை இருட்டு.
ஓசூரில் ஒருவர் ரோஜாக்கட்டுகளை
என் மடியில் வைத்துவிட்டு டிக்கெட் எடுக்கப் போனார்.

வாசலில் காவலாளி தமிழிலேயே கேட்டார்,
"யாரப் பாக்கணும்மா?"
இங்கே நடந்து போகிற என்னை
ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்;
அதை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது?
"ஆபீஸ்" என்றேன்.

கேன்டீனில் என்னைத் தேடினேன்.
பி.காம். கட்டடப் படிகளில்
சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குள் தேடினேன்.
சிற்றாலயத்தில் மாதா
சேலையில்லாமல், பூவில்லாமல், மிகச் சுத்தமாக நின்றாள்.
அருள் நிறைந்த மரியேயில் பாதி சொன்னேன்.
மீதியை அவள் ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பதுபோல இருந்தது.

வெளியே வந்து குனிந்தபோதுதான் பார்த்தேன்,
நடைபாதை முழுக்க எங்கள் ஊர்க் கல்.
ஊதாவும் ரோஜாவும் அலையலையாக ஓடும் கல்.
வியாபாரத்தில் அதன் பெயர் பாரடைசோ,
மோட்சம் என்று அர்த்தமாம்,
சதுர அடிக் கணக்கில்.
இருபத்திரண்டு வருஷமாக அப்பா
அதைப் பாலிஷ் போட்டுத்தான் இருமுகிறார்.

நட்ட நடு வழியில் மண்டியிட்டு
அலை ஒன்றின்மேல் விரலை ஓட்டினேன்.
ஜெபிக்கிறேன் என்று நினைத்து
இரண்டு சிஸ்டர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.
இவ்வளவு கெட்டியானது
ஒரு காலத்தில் எப்படி நெளிந்தது?
பன்னிரண்டு வருஷப் படிப்பில்
யாரும் கேட்காமல்
எனக்குள்ளே எழுந்த முதல் கேள்வி.

ஆபீஸில் கிளார்க் இரண்டு முறை கேட்டார்.
"பி.காமை விட்டா? ஜியாலஜிக்கா?
அங்க எட்டு எடம் காலியாவே கெடக்கும்மா."
கெடக்கட்டும், ஏழாகட்டும் என்றேன்.
நேர்காணல் கிடையாது.
ஏன் எங்கள் பல்கலைக்கழகம் என்று
இந்த முறை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தரையைக் காட்டியிருப்பேன்.
பெயரை அடித்து பென்சிலில் எழுதினார்,
மையில் எழுத மேலிடத்துக் கையெழுத்து வேண்டுமாம்.

பஸ்ஸிலிருந்தே தஸ்லீமாவுக்குச் சொன்னேன்,
அறுபதில் ஒன்று இறங்கிவிட்டது, நூற்றுப்பத்து என்று.
திட்டினாள். நன்றாகத் திட்டினாள்.
அத்திப்பள்ளி வந்ததும் சிரித்தாள்.

ராத்திரி, களி உருண்டையைப் பிட்டபடி
அப்பா எல்லாவற்றையும் கேட்டார்.
பேங்க் வேலை போச்சே என்று அம்மா
பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.
அவர் ஒன்றுதான் கேட்டார்,
"போட்ட கல்லுல சந்து தெரியுதா?"
கொஞ்சம் தெரியுதுப்பா.
"கொஞ்சம் விடணும்" என்றார்,
குழம்பைத் தொட்டுக்கொண்டே,
"வெயிலுக்கு விரியும்ல."