மூன்றரை

மேஸ் படகுத்துறையில் கஸால்ஸின் கடை.
ஆணிக்கு ஒன்றாய்ச் சுவரெங்கும் புரொப்பெல்லர்கள்.
நான்காவது கேள்விக்கு வந்ததும்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:
வழக்கமாகப் படகில் எத்தனை பேர்?

"ரெண்டு" என்றான் சவிரி.
"அஞ்சு" என்றேன் நான்.
ஒரே மூச்சில்.

கஸால்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

படகு போன மாசியில் வாங்கியது.
தொண்ணூறு குதிரைச் சக்தி, பழசு, ஆனால் நல்லது.
விற்றவர் தனியாள்.
விடியலில் காயல் கண்ணாடியாய்க் கிடக்கும்போது
பறந்துவிட்டுத் திரும்புகிறவர்.
அவர் பூட்டியிருந்தது பத்தொன்பது. எஃகு.
முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் அதில்.

பத்தொன்பது என்றால்
ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது அங்குலம் முன்னே போகும்,
தண்ணீர் நெய்யாய் உறைந்திருந்தால்.
உறைந்தா கிடக்கிறது?
ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வழுக்கிப் போகிறது,
மாதச் சம்பளம் மாதிரி.

எங்கள் ஞாயிறு வேறு.
இரண்டு பிள்ளைகள், அவன் தங்கை செலஸ்ரின்,
ஐஸ் பெட்டி, ஒரு சட்டி கணவாய்ப் பிரட்டல்,
தண்ணீர் கேன், யாரும் விரிக்காத குடை.
கைப்பிடியை முழுக்கத் தள்ளினாலும்
முள் நாலாயிரத்து எழுநூறில் நின்றுவிடும்.
ஐயாயிரத்துக்கு மேலே கேட்கிற இயந்திரம் அது.
மூக்கு வானம் பார்க்க, பின்புறம் அமுங்க,
மலைப்பாதையில் கியர் மாற்ற மறந்த பஸ்ஸாய்
முனகிக்கொண்டே போவோம்.
சிப்பி வளர்ப்பவர்கள் தட்டைப் படகில் முந்திப் போவார்கள்,
கை வேறு காட்டிவிட்டு.

"நான் தனிய ஓடிப் பாத்தனான்,
ஐயாயிரத்து இருநூறு வந்தது."
வந்திருக்கும்.
சவிரி பேசாலைக்காரன். கடலுக்குக் கணக்குப் போடுவான்,
கணக்கில் தன்னை மட்டும் ஏற்றுவான்.
நான் காரைக்கால். எனக்கு மீன் வாங்கத் தெரியும்,
பேரம் பேசத் தெரியும்.

கஸால்ஸ் இரண்டை இறக்கி மேசையில் வைத்தார்.
பதினைந்து, பதினேழு.
அலுமினியம், மூன்று இதழ்,
பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் சுழல்பவை.
வலம்புரி என்றேன்.
சங்கைத் தவிர வேறெதற்கும்
அந்தச் சொல்லை நான் எடுத்ததில்லை.
முறுக்குக்கும் புரி, அர்த்தத்துக்கும் புரி.
"எங்களுக்கு விளங்கும், உங்களுக்குத்தான் புரியும்"
என்றான், சுவரில் மினுங்கும் எஃகைப் பார்த்தபடி.

கல்லில் பட்டால்? என்று கேட்டேன்.
எஃகு அசையாது, அடி உள்ளே பற்சக்கரத்துக்குப் போகும்.
இது மடங்கும்.
எண்பது யூரோ கொடுத்தால் தட்டி நிமிர்த்துவார்கள்.
எண்பது என்றதும் திரும்பினான்.

பதினைந்தை இரவல் வாங்கிப் பூட்டி ஐவரும் ஏறினோம்.
தவளையாய் எம்பியது படகு.
முள் ஐயாயிரத்து அறுநூறு. பிள்ளைகள் கூச்சல்.
பிறகு நால்வரையும் கரையில் இறக்கிவிட்டு
நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன்.

ஆறாயிரத்தைத் தாண்டியதும்
இயந்திரம் தன்னைத்தானே பிடித்து நிறுத்தி
விக்கி விக்கி ஓடியது.
சத்தம் இருந்த அளவுக்கு வேகம் இல்லை.
எதிர்க்கரையில் செத் நகரத்துக் குன்று
கிட்ட வராமல் அப்படியே நின்றது.

உண்மையைச் சொன்னால்
தனியாக இருந்தது பிடித்திருந்தது.
இன்னொரு வட்டம் அடித்தேன்,
சோதனைக்குத் தேவையில்லாத வட்டம்.
கரைக்கு வந்து அதைச் சொல்லவில்லை.
"பதினேழு" என்றேன்.

கஸால்ஸ் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
நான்காவது கேள்விக்கு எதிரே
மூன்றரை என்று எழுதினார்.

நட்டைச் சவிரி இறுக்கினான்.
ஊசியை நான் செருகினேன்.
அதன் இரண்டு காலையும்
எதிரெதிர்ப் பக்கம் வளைத்தால்தான்
நட்டு கழலாது.