எண்பத்தெட்டரை

ஓட்டமாவடிப் பழஞ்சாமான் கடையில்
முஸம்மில் சொன்னார்:
"கேக்கும். பேசுமா எண்டு தெரியா."
பதினெட்டாயிரம் கொடுத்துத் தூக்கிவந்தேன்,
மைக்கின் வயரை எலி கடித்திருந்தது.

பேசியது.
பாசிக்குடாவில் செல்வகாந்தனுக்கு நேரே கேட்டது.
மலைக்குத்தான் கேட்கவில்லை.
கேட்டும் திறக்கவில்லை என்பதே சரி.

போன வருசம்வரை
யார் தட்டினாலும் திறந்த ரிப்பீட்டர் அது.
காற்றசையாத சித்திரை இரவுகளில்
கடல் தன்மேல் ஒரு பாதை விரிக்கும்,
அக்கரையில் யாரோ சூரைமீனுக்கு விலை பேச
எங்கள் மலை விடியவிடிய
அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்.
ஆகவே பூட்டினார்கள்.
இனிப் பேசுகிறவர் குரலுக்கடியில்
ஒரு முனகல் இருக்கவேண்டும்:
விநாடிக்கு எண்பத்தெட்டரை அதிர்வு.
மனிதக் காதுக்கு எட்டாது, மலைக்கு எட்டும்.

என் பெட்டி எண்பத்துநாலில் செய்தது.
அதற்கு முனகத் தெரியாது.

எனக்குத் தெரியும்.
வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலையில்
பதினொரு வருசமாக கம்ப்ரெசர் பார்க்கிறேன்.
ஐம்பதில் முனகும் மோட்டார்
நாற்பத்தெட்டுக்கு இறங்கினால்
தூக்கத்திலும் எழும்பிவிடுவேன்.

தபாலில் வந்தது நகமளவு பலகை.
சிவப்பு எட்டு வோல்ட், கறுப்பு தரை,
மஞ்சள் முனகல்.
மஞ்சளை மைக்கின் வாசலில் ஒட்டினேன்.
மலை அசையவில்லை.

மூன்று இரவு.
சுற்றுப்படத்தின் போட்டோகொப்பியில்
மடிப்பு விழுந்த இடத்தில்தான்
பார்க்கவேண்டியது இருந்தது:
முந்நூறுக்குக் கீழே எதுவும் மனிதர் பேச்சல்ல என்று
வாசலிலேயே வெட்டி எறிகிற ஒரு வடிகட்டி.
நான் ஊட்டிய முனகலை எல்லாம்
அது இரைச்சல் என்று துப்பியிருக்கிறது.
அதைத் தாண்டி,
குரல் அலையில் ஏறுவதற்குச் சற்று முன்னால்
நுழைக்கவேண்டும்.

மயிரிழைச் செம்புத்தடம்.
ஒட்டப்போன நேரம் கரண்ட் போனது.
தடித்த கம்பியை காஸ் அடுப்பில் பழுக்கவைத்து,
ரோச்சைப் பல்லில் கடித்து,
ஒரு சொட்டு ஈயம்.
கட்டைவிரலிலும் ஒரு சொட்டு.

வாய் திறக்குமுன்
யாரென்று காட்டுவது நமக்குப் புதிதா என்ன.
புணானையில் பஸ்ஸை விட்டிறங்கி
அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி
வரிசையில் நடந்து
மறுபடி அதே பஸ்ஸில் ஏறிய பிள்ளை நான்.
அந்த நாளில் இந்தப் பெட்டி வீட்டில் இருந்திருந்தால்
நான் இன்று இருந்திருக்கமாட்டேன்.
இது அதுவல்ல என்று சொல்லிக்கொண்டேன்.
இது கடலின் சத்தத்தை நிறுத்தப் போட்ட பூட்டு.
என்றாலும் ஈயம் ஆறும்வரை
கை ஏனோ நடுங்கிற்று.

மழை ஐந்தாம் நாள்.
போன் கோபுரத்தின் பற்றரி மத்தியானமே செத்தது.
லொறி பற்றரியில் பெட்டியைக் கொளுவி
அழுத்தினேன், என் குறியைச் சொன்னேன்,
விட்டேன்.

கிளிக்.
பிறகு அரை விநாடி
மலையின் மூச்சு.

பதியத்தலாவையிலிருந்து திலகசிறி,
உடைந்த தமிழில்:
"உங்க பின்னால லொறி ஓடுதா?"

ஓடவில்லை. நின்ற லொறிதான்.
மறுகாதான் விளங்கிற்று:
முனகல் கூடிப்போய்
மேலே வந்து கேட்கிறது.
திருகாணியை ஒரு நெல்லளவு பின்னே திருப்பினேன்.
இன்னுமொரு நெல்லளவு.

"இப்ப?"

"இப்ப லொறி போச்சு.
நீங்க மட்டும்தான். சொல்லுங்க."

எழுதிக்கொள்ளுங்கள் திலகசிறி.
ஓட்டமாவடிப் பாலத்தடியில் தண்ணீர்
மூன்றாம் கோட்டைத் தொட்டாயிற்று.
நேரம் ஆறு பத்து.
நாசிவன்தீவுக்குத் தோணி இல்லை.
கேட்கிறதா?