தில்லைப்பால்

வெள்ளிக்கிழமை நிக்காஹ் வீட்டில், பெண்கள் பக்கம்,
எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
அந்தக் காசில்தான்
எதுவும் என்னைப் பார்த்துவிடக் கூடாத இடத்துக்குப் போகிறேன்:
பரங்கிப்பேட்டையிலிருந்து கிள்ளைக்கு ஸ்கூட்டி,
கிள்ளையிலிருந்து கன்னியம்மாவின் தோணி,
நடுவே முழங்காலளவு சேறு.

நீர்நாய்க்கு இது பதினேழாவது விடியல்.
பதினாறின் கணக்கு இவ்வளவு:
செதில் மின்னும் எச்சம், நான்கு இடங்களில்.
விரலிடைத் தோலோடு ஈரமண்ணில் ஒரு கால்.
ஒரே ஒரு தடவை,
நான் திரும்புவதற்குள் மூடிக்கொண்ட தண்ணீர்.
மீதி கொசு.

கன்னியம்மா கையால் இறால் தடவுகிறவள்.
பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வி
கழுத்தளவு நீரில் குனிந்து
வேர்களுக்குள் விரல்களை அனுப்புவாள்.
பேசினால் பறி போய்விடும்.
ஒருநாள் கயிற்றைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"அது தின்னது போக மிச்சந்தான் எனக்கு.
அதைப் போயி அழகுங்கிற."

அன்றைக்கு வந்தன.
மூன்று.
ஓடை திரும்பும் திட்டில் வயிறு காட்டிப் புரண்டு,
சண்டையா விளையாட்டா தெரியாமல்
கீச்சிட்டுக்கொண்டு.
எனக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு தில்லைக் கிளை,
சரியாகப் பெரியதன் முகத்தின் மேல்.

நகர்ந்தால் தோணி அசையும்.
காத்திருக்கலாம்தான்.
மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை
ஒதுக்கிவிடுகிற கை அல்லவா,
நீண்டு ஒடித்தது.

சின்னச் சத்தம்தான்.
திட்டில் ஒன்றுமில்லை.
ஒடிந்த வாயிலிருந்து பால் சொட்டியது.
வியர்வை துடைக்கப் போன அதே விரல்
வலக்கண்ணில்.

குடிக்க வைத்திருந்த ஐந்து லிட்டரையும்
என் கண்ணிலேயே ஊற்றித் தீர்த்தாள் கன்னியம்மா.
அவள் பறி ஓடையோடு போய்க்கொண்டிருந்ததாம்.
நான் எங்கே பார்த்தேன்.

சிதம்பரத்தில் டாக்டர் கேட்டார், "என்ன மரம்?"
சொன்னேன்.
"இந்த ஊர் பேரே அதுதானேம்மா."
இரண்டு கண்ணையும் கட்டினார்.
ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம்.

ஐந்து நாள்.
பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டில்
ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தான்.
சிங்கப்பூரிலிருந்து அவர் வீடியோவில் வந்தார்,
எனக்குக் குரல் மட்டும் வந்தது.
"கிடைச்சுதா?" என்றார்.
கட்டுக்குள்ளே நீர்நாய்கள் வரும் என்று நினைத்திருந்தேன்.
கிளை ஒடிகிற சத்தம்தான் வந்தது,
திரும்பத் திரும்ப, அதே அளவில்.

இப்போது இடக்கண்ணால் எடுக்கிறேன்.
மூக்கு திரையில் இடிக்கிறது;
ஒவ்வொரு படத்துக்கும் எண்ணெய்ப்பிசுக்கைத் துடைக்க வேண்டும்.
வலக்கண்ணில் ஓரமாக ஒரு மங்கல்,
லென்ஸில் மூச்சுப் பட்ட மாதிரி. போகாது என்கிறார்கள்.

மாசியில் மறுபடி வந்தன. இரண்டுதான்.
தில்லை இலைகள் உதிருமுன் சிவந்திருந்தன.
கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
ஒரே விரலை மட்டும் வெளியே விட்டேன்.
படத்தில் பாதி, குவியாத சிவப்பு.
அதன் பின்னே மீசை, ஒரு கண்,
வாயில் ஏதோ.

சென்னைப் போட்டிக்கு அனுப்பினேன்.
"முன்புறம் இடையூறு" என்று பதில்.
ஸ்டுடியோவில், பாஸ்போர்ட் அளவு மாதிரிகளுக்குப் பக்கத்தில்
மாட்டிவைத்திருக்கிறேன்.
வருகிறவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
காப்பிக்கு எவ்வளவு என்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கன்னியம்மா வந்தாள்,
ரேஷன் கார்டுக்கு நாலு படம் வேண்டுமென்று.
முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தாள்.
பல்லில் கயிறில்லாத அவள் வாயை
என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்தாள்.
இலை, மீசை, கண் எல்லாம் தாண்டி
நேரே வாய்க்குப் போனாள்.

"அது என் இறால்."

ஆடாதே, என்றேன்.
ஆடினாள்.