நாலரைக்கு ஒன்று

மண்டிக்காரர் அர்த்தநாரி கேட்டது ஒன்றுதான்:
"மஞ்சளா இருக்கோணுமுங்க அம்மணி.
பார்த்ததும் ஈரோடுன்னு தெரியோணும்."
வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து வைத்தேன்.
என் அறையில், ஏசிக் குளிரில்,
இருபத்தேழு அங்குலத் திரையில்
கல்யாணப் பத்திரிகையின் மூலையைப்போல்
மங்கலமாகத்தான் இருந்தது.

பகல் பன்னிரண்டரை. நசியனூர் ரோட்டு வெயில்.
டெம்போவிலிருந்து மூட்டைகளோடு இறங்கிய ஒரு அக்கா
செல்போனை நெற்றிவரை தூக்கினார்,
முந்தானையால் நிழல் போட்டார்,
சாய்த்தார், திருப்பினார், ஊதிக்கூடப் பார்த்தார்.
"ஒண்ணுமே இல்லீங்களே,
வெறும் வெள்ளையாத்தான் இருக்குது."
அன்றைய விலை அங்கேதான் இருந்தது.
தரகர் காதில் சொன்ன விலைக்கு
விற்றுவிட்டுப் போனார்.
குவிண்டாலுக்கு நானூறு குறைவு என்று
என் சர்வருக்குத் தெரியும்.

எழுத்தின் நிறத்துக்கும் தாளின் நிறத்துக்கும் இடையே
ஒரு வெளிச்சக் கணக்கு உண்டு:
நாலரைக்கு ஒன்றாவது வேண்டும்.
என்னுடையது ஒன்றரையில் நின்றது.
பரீட்சையில் இதே கேள்விக்கு
முழு மார்க் வாங்கியவள் நான்.

மண்டியில் போன் எடுக்கும் சென்னியப்பனுக்குக் கண் தெரியாது.
என்னைவிட இரண்டு வயது இளையவன்.
விரலி மஞ்சளைக் காதருகே வைத்து ஒடிப்பான்.
டக் என்றால் காய்ந்தது.
மொத் என்றால் இன்னும் ரெண்டு வெயில் வேணும்.
அவனிடம் கொடுத்தேன் என் பக்கத்தை.
அவன் போன் வாய்விட்டுப் படித்தது, லாரி வேகத்தில்:
"படம். படம் பூஜ்யம் பூஜ்யம் நாலு. பட்டன்.
பட்டன். பட்டன். இங்கே அழுத்தவும்.
இங்கே அழுத்தவும். பட்டன்."
சிரித்துவிட்டான்.
"ஏனுங்கக்கா, இத்தன பட்டன் வெச்சுச் சட்டை தெச்சிருந்தா
திருப்பூர்ல ஆர்டர் கிடைச்சிருக்குமுங்க."
சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டு,
"வெல எங்கீங்க?"

அன்றிரவு கழற்ற ஆரம்பித்தேன்.
முதலில் போனவை தானாகச் சுழலும் மூன்று படங்கள்:
பச்சை வயல், ட்ரோன்,
கைகுலுக்கும் இரண்டு கோட்டுக்காரர்கள்.
எந்த மஞ்சக்காட்டில் யார் கோட்டுப் போட்டார்கள்?
பட்டன்களுக்கு அவை செய்யும் வேலையையே பெயராக வைத்தேன்:
விரலி விலை. கிழங்கு விலை. என் மூட்டை விற்றதா.
மண் காய்ந்த கட்டைவிரலுக்கும் அகப்படும்படி
தொடுகிற இடத்தை விரித்தேன்.
மவுஸைப் பிடுங்கி மேசைக்கடியில் போட்டுவிட்டு
விசைப்பலகையில் மட்டும் நடந்து பார்த்தேன்.
மூன்றாம் எட்டில் ஒரு குழி.
விழுந்தேன், முன்னும் போக முடியவில்லை, பின்னும் முடியவில்லை.
அதை மூடும்போது விடிய நாலு மணி.

மிஞ்சியது அந்தச் சிவப்பு வரி: "தவறான உள்ளீடு."
இந்த ஊரில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை.
கடன் திருப்பாதவனைக்கூட
"வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்பார்கள்.
சண்டை அதற்கப்புறம்தான்.
மாற்றினேன்:
"போன் நம்பர்ல ஒரு எண் குறையுதுங்க."
சிவப்பை மட்டும் நம்பாதே என்று விதி சொல்கிறது.
அந்த 'ங்க'வைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை.
அது நான் போட்டது.

அர்த்தநாரிக்குப் பிடிக்கவில்லை. "மஞ்சளு எங்க அம்மணி?"
எழுத்துக்கு மெருகு போடாத விரலியின் தோல்நிறம்,
மஞ்சள் அதற்கடியில் பாய்போல் விரிந்து கிடந்தது.
காட்டினேன். உம் கொட்டினார்.
பாதிப் பணம் வந்தது.
மீதி, அடுத்த ஏலம் முடியட்டுமாம்.

சென்னியப்பன் மறுபடி கேட்டான், அதே லாரி வேகத்தில்.
நல்லாயிருக்கு என்று சொல்வான் எனக் காத்திருந்தேன்.
அதற்குள் மண்டி போன் அடித்தது.
ஒரு காதில் என் பக்கம், மறு காதில் கோபிக்காரர்:
"ஆமாங்க, விரலி பதிமூணாயிரத்து இருநூறுங்க.
இப்பத்தானுங்க பார்த்தேன்."

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது.
எத்தனை குவிண்டால் என்றும்
கேட்டு வைக்கவில்லை.