பதினோராவது கட்டம்

படிவத்தின் பதினோராவது கட்டம் கேட்கிறது:
மனநல நீதிமன்றத்தில் ஒரு நபருக்கு ஆகும் செலவு?
எண்களில் மட்டும் நிரப்பவும்.

இரவு ஒன்பதரை.
சுப்பீரியர் ஏரிமேல் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது.
கீழ்த்தள அலுவலகத்தில் ஹீட்டர்
ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.
கோட்டைக் கழற்றாமல் தட்டச்சு செய்கிறேன்.

வெண்டல் ஓஸ்ட்ராமை எந்த எண்ணில் எழுத?
சலவைக்கடைக் கண்ணாடியை உடைத்தவன்.
உள்ளே சுழலும் துணிகளுக்கு நடுவில்
செத்துப்போன தம்பி மூச்சுத் திணறுகிறான் என்று
காப்பாற்றப் போனவன்.

சிறை என்றால் நாளுக்கு நூற்று நாற்பது டாலர்.
அதற்கு யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை.
அது தானாக வரும்,
பனி மாதிரி.

எங்களிடம் வந்தால்
ஏழு கதவுள்ள மாத்திரை டப்பா ஒன்று.
பஸ் பாஸ்.
வாரம் ஒருமுறை ஐரீன் கோஸ்கி
அவன் கதவைத் தட்டும் சத்தம்.
அவன் திறக்காத நாட்களில்
மறுபடி தட்டும் சத்தம்.
இரண்டாவது தட்டலுக்கு
நிதித்தலைப்பு எதுவும் இல்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு
நீதிபதி ஹால்வர்சன் கோப்பை மூடிவிட்டுக் கேட்பார்:
"தூங்கினீங்களா?"
முதல் மாதம் தரையைப் பார்த்துச் சொன்னான், இல்லை.
மூன்றாம் மாதம், கொஞ்சம்.
ஆறாம் மாதம் ஆளே வரவில்லை.
பிடியாணை எழுதிய மை காய்வதற்குள்
பஸ் நிலையக் கழிவறையில் ஐரீன் கண்டுபிடித்தாள்,
இரண்டு காலிலும் இடது ஷூ.
ஒன்பதாம் மாதம்:
"தூங்கினேன் ஐயா. நீங்க?"
அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.
காவலரும்கூட,
விலங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

பன்னிரண்டாவது கட்டம் வெற்றி விகிதம்.
ஆறாம் மாதத்தை எதில் சேர்ப்பது?
மெல்பா குயிஸ்ட்டை?
சான்றிதழ் வாங்கிய பதினெட்டாம் நாள்
மெலிந்த பனிக்கட்டிமேல் ஏரிக்குள் நடந்துபோனாள்.
படிவத்தின் மொழியில் அவள்
'வெற்றிகரமாக நிறைவு செய்தவர்'.
அப்படித்தான் போன ஆண்டு எழுதினேன்.
இந்தக் கையால்தான்.

தலைநகரில் பத்தில் நான்கு பங்கை வெட்டிவிட்டார்கள்.
மிச்சத்தை மாவட்டக் குழுவிடம் கேட்கப் போனேன்.
ஒருவர் கத்தவில்லை, கேலி செய்யவில்லை,
நிஜமாகவே தெரியாமல் கேட்டார்:
"பனி வாரும் வண்டிக்குப் புது பிளேடு வாங்கணும்.
அதை விட்டுட்டு இதுக்குத் தரட்டுமா, நீங்களே சொல்லுங்க."
ஒரு பதிலும் வாயில் வரவில்லை.
அந்தச் சாலையில்தான்
ஐரீனும் கதவு தட்டப் போகிறாள்.

ஒரு எண்ணை நிரப்புகிறேன்.
அழிக்கிறேன்.
அதையே திரும்ப நிரப்புகிறேன்.

நாளை புதன்.
இழுப்பறையில் பஸ் பாஸ் பதினொன்று.
பட்டியலில் பதினான்கு பேர்.
வெண்டல் போனில் சொல்லிவிட்டான்,
தன்னுடையதை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி.
நடந்தே வந்துவிடுவானாம்.
நான்கு மைல்.
சாலையில் பனி வாரியிருந்தால்.