வீடு பார்க்க வந்தவர்கள்

காலையிலேயே லாரி வந்துவிட்டது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
இந்த நாலு வருசத்தில் வீட்டுக்காரர்
தன் காசில் இறக்கிய முதல் தண்ணீர்.
சம்ப் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி
கோட்டைச்சாமி சார் சொன்னார்:
"சாயங்காலம் பார்ட்டி வருதும்மா.
குழாயை மட்டும் கொஞ்சம் தேச்சு வச்சிரு.
அட்வான்ஸ நாளைக்கே குடுத்துருவேன்."

அறுபதாயிரம்.
ஒத்தக்கடையில் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கும்
அதே அறுபதாயிரம்தான்.

புளியை ஊறவைத்தேன்
(எந்தத் தண்ணீரில் என்று கேட்காதீர்கள்).
அடுப்படிக் குழாய், வாஷ்பேசின் குழாய்,
ஷவரின் அடைபட்ட கண்கள்.
ஊசியால் ஒவ்வொன்றாய்க் குத்தித் திறந்தேன்.
வெள்ளை உதிர்ந்தது.

உப்புத் தண்ணி என்கிறோம், தப்பு.
உப்பாவது கரையும்.
இது தண்ணீர் மாதிரி வந்து
தண்ணீர் போன பிறகும்
போகாமல் இருந்துவிடுகிற கல்.

ஊமச்சிகுளம் ரோட்டை விட்டு உள்ளே
ஒன்றரைக் கிலோமீட்டர்.
கண்மாய்க்குள் கல் ஊன்றிய மனைகள்.
அறுநூற்று இருபது அடியில் போர்.
சோப்பு இங்கே நுரைக்காது,
பால் மாதிரித் திரியும்.
துவரம்பருப்புக்கு எட்டு விசில்.
கறிவேப்பிலைக் கன்றுக்கு இலை ஓரமெல்லாம் தீய்ந்தது.
இவருடைய வெள்ளைச் சட்டைகள்
ஒன்றன்பின் ஒன்றாகக் காவிக்குப் போயின.

மூன்றாவது முறை கீசர் கம்பி மாற்ற வந்த
மெக்கானிக் பாண்டித்துரை
பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் முக்கினான்.
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
"அதிகமா தம்பி?"
"பக்கத்துத் தெருவுக்கு நீங்க பரவால்லக்கா."
அன்றைக்கு எனக்கு
ஏனோ கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆற்றில் தண்ணீர் திறந்து
அழகர் இறங்கியதை டிவியில் பார்த்த காலையிலும்
வாசலில் தண்ணி வண்டிக்குத்தான் நின்றிருந்தேன்,
ஆறு குடத்தோடு.
மாநகராட்சிக் குழாய் வருகிறது என்று தோண்டிய பள்ளத்தில்
நீலக் குழாய் ஒன்று
வாயில் சாக்குக் கட்டிக்கொண்டு
இரண்டு வருசமாகப் படுத்திருக்கிறது.

சாயங்காலம் வந்தார்கள்.
அவள் பெயர் ஹெப்சிபா. மேலூரிலிருந்து மாற்றலாம்.
அவளுடைய பையன் நேராக வாஷ்பேசினுக்கு ஓடி
கையில் சோப்பைப் போட்டுக் கத்தினான்:
"அம்மா, எவ்ளோ நுரை பாரு!"
லாரித் தண்ணீர் பொங்கியது அவன் விரல்களில்.
கோட்டைச்சாமி சார் சிரித்தார்.
நானும்.

"தண்ணி எப்படிக்கா?"

சார் சாவிக்கொத்தைச் சுழற்றுவதை நிறுத்தினார்.
"இருபத்து நாலு மணி நேரமும் வரும்" என்றேன்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் தலையாட்டிக்கொண்டே
குழாயின் அடிப்பக்கம் விரலை விட்டாள்.
புளி எட்டாத இடம்.
அங்கே நாலு வருசம் சொரசொரவென்று இருந்தது.
விரலை எடுத்து, பெருவிரலால் தேய்த்து,
என்னைப் பார்த்தாள்.
சாரைப் பார்க்கவில்லை.

"கேன் எவ்வளவுக்கா?"
"முப்பத்தஞ்சு. மாடிக்குத் தூக்கிட்டு வந்தா நாப்பது."

டோக்கன் ஐயாயிரம் எண்ணிக் கொடுத்தாள்.
பள்ளிக்கூடம் பக்கம், வாடகை ஒன்பதுக்குள்,
வேறெங்கே போவாள்.

எனக்கு முன்னால் இங்கிருந்த பாமினியிடம்
நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன்.
"பழகிரும்" என்றாள்.
வெடித்த விரல்களை
முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்.

காலி செய்த அன்று
திரைச்சீலைக் கம்பி வரை கழற்றி ஏற்றினோம்.
ஷவருக்கு மேலே,
ஜன்னல் விளிம்பில்,
பையனுக்கு எட்டாத உயரத்தில்
அந்த ஊசியை மட்டும் விட்டுவிட்டு வந்தேன்.