ஏழாம் எண் கேமரா

பதினாலாம் நெம்பர் காட்டில் கடைசியாகப் பால்மரம் சீவியது
நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பு.
அதன்பின் செம்பனை. அதன்பின் லாலாங்.
அதன்பின் ஒரு வெள்ளைப் பலகை:
நகரத் தேசியப் பூங்கா, திட்டப் பகுதி.
அடியில் சின்ன எழுத்தில்,
இளையோர் தேவை. மதிய உணவு உண்டு.

மதிய உணவுக்குத்தான் போனோம், மறைக்க என்ன இருக்கிறது.
தவுக்கே கடை மூடியதில் வேலை போன யுகனேஷ்,
எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருந்த நான்,
பாலிடெக்னிக் ஐனுல்,
மோட்டார் பந்தயத்தில் முறிந்த காலை
இழுத்து இழுத்து வந்த ஹேமலோஷன்.
பூட்ஸ் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்பதாம் அளவு.
என் கால் ஐந்து.

அளவு நாடா பிடித்தோம்.
மரத்துக்கு மரம் தகரச் சீட்டு அடித்தோம்.
அட்டைக்கு உப்பு; கொசுவுக்கு ஒன்றுமில்லை.
ஓடைக்குப் பாலம் வரைந்த பொறியாளரிடம்
ஹேமலோஷன் சொன்னான்:
"டிசம்பரில் இங்கே இடுப்பளவு தண்ணி, போஸ்.
என் மோட்டார் முழுகினது இங்கதான்."
பாலம் நாற்பதடி மேற்கே நகர்ந்தது.
காகிதத்தில் நகர்வது எவ்வளவு சுலபம்.

பிறகு கேமரா.
பச்சைப் பெட்டி, மரத்தின் இடுப்பில் வார் போட்டுக் கட்டியது.
சூடுள்ள எதுவும் முன்னால் அசைந்தால்
கண் திறந்து மூடும்.
பத்தில் ஏழாவது என் பொறுப்பு.

முதல் அட்டையில் முந்நூற்று இருபது படம்.
காட்டுப்பன்றி பதினொன்று.
புனுகுப்பூனை நான்கு.
ஒரு முள்ளம்பன்றி, பின்புறம் மட்டும்.
மீதி எல்லாம்
காலை நாலு ஐம்பதுக்குக்
கிழக்கிலிருந்து மேற்கே
நடந்து போகும் பெண்கள்.
கையுறைத் தொழிற்சாலை பஸ்
மேற்கு முனையில்தான் நிற்கும்.
ரோட்டைச் சுற்றினால் நாற்பது நிமிடம்,
ஊடே புகுந்தால் பன்னிரண்டு.

இரவுப் படத்தில் விலங்கின் கண் எரியும்.
மனிதக் கண் எரியாது.
எரிந்தது சட்டைத் தோளில் தைத்த வெள்ளிப் பட்டையும்
ஒரு சாப்பாட்டு டப்பாவின் மூடியும்.
அந்த மூடியின் ஒடுக்கு எனக்குத் தெரியும்.
கீழே போட்டவள் நான்.

"விலங்கில்லாத படங்களை நீக்கிவிடுங்கள்"
என்றார் அதிகாரி. கெட்டவர் இல்லை.
அவர் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
வரைபடத்தில் மேற்கே வேலி.
திறப்பு நேரம் ஏழு முதல் ஏழு.

அன்றிரவு ஐனுலின் மடிக்கணினியில்
கடைசியாக ஒரு வரிசை கூட்டினோம்.
இனம்: மனிதர்.
எண்ணிக்கை: முப்பத்தொன்று; ஞாயிறு பதினெட்டு.
பருவம்: எல்லாப் பருவமும்.
உணவு: கையோடு.
சுபாவம்: டார்ச்சை அணைத்தே நடப்பார்கள்.
பரிந்துரை: மேற்கே ஒரு வாசல், பூட்டில்லாமல்.
"அழிந்துவரும் இனம்" என்று யுகனேஷ் தட்டினான்.
நான் அதை அழித்தேன்.

கூட்டத்தில் படித்தோம். யாரோ சிரித்தார்கள்,
யாரோ குறித்துக்கொண்டார்கள்.
"பார்க்கலாம்" என்றது மேசை.
பார்க்கலாம் என்ற சொல்லுக்குக் கீல் உண்டா,
இருந்தால் எந்தப் பக்கம் திறக்கும்,
தெரியவில்லை.

நீ படத்தில் வருகிறாய் என்றேன் அம்மாவிடம்.
"முன்னாடியே சொல்லக் கூடாதா"
என்றாள், மூடியைத் துடைத்தபடி.

அடுத்த வாரத்து அட்டை.
வியாழன், நாலு ஐம்பத்திரண்டு.
மற்றவர்கள் தாண்டிப் போயிருக்க
அம்மா மட்டும் நிற்கிறாள்.
முடியை ஒதுக்கி, டப்பாவை முதுகுக்குப் பின் மறைத்து,
நேராக ஏழாம் எண்ணைப் பார்க்கிறாள்.
அவளுக்குப் பின்னால் பாதையைக் கடக்கிறது
புனுகுப்பூனை, இரு கண்ணும் நெருப்பாக.
அவளுக்கு அது தெரியாது.

ஒரே படம்.
ஒரு வரிசையா, இரண்டா என்று
இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.